அப்புறம் என்ன ஆச்சு?

நான் பைபிளை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கியது ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்காக. அப்போது ஆறாம் வகுப்பு. கிருஷ்ணகிரியில் எங்கள் சர்ச் ஞாயிறு பள்ளியில் மனப்பாடப் போட்டி வைத்தார்கள். 119-ஆம் சங்கீதத்தில் யார் அதிகம் ஒப்பிக்கிறார்களோ அவர்களுக்கு டிபன் பாக்ஸ். மொத்தம் 176 வசனம், எட்டு எட்டாக 22 பகுதி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு 40 வசனம் சொன்னேன். பக்கத்துத் தெருப் பெண் 48 சொல்லிவிட்டாள். எனக்குக் கிடைத்தது சோப்பு டப்பா. அந்தச் சங்கீதத்தின் பதினோராம் வசனத்தில் ‘உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன்’ என்று வரும். நானும் வைத்திருந்தேன், பரிசு கொடுத்த ஞாயிறு வரைக்கும்.

போன மாதம் பெண்கள் கூடுகையில் ‘நாம் ஏன் வேதம் வாசிக்கிறோம்’ என்று ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். ஆவிக்குரிய ஆகாரம், பாதைக்கு வெளிச்சம், சோதனையில் பலம் என்று எல்லாரும் நன்றாகவே பேசினார்கள். நானும் அதையே கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். போச்சம்பள்ளி பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது, நான் சொன்னது எதுவும் என் கதை இல்லை. என் கதை சோப்பு டப்பாவில் ஆரம்பிக்கிறது. அதை அங்கே சொல்ல முடியாது. இங்கே சொல்லலாம்.

டப்பாவுக்கு அப்புறம் கணக்கு. பைபிளில் மொத்தம் 1189 அதிகாரம். தினம் மூன்று, ஞாயிறு மட்டும் ஐந்து என்று போனால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். அதற்கென்று கட்டம் போட்ட அட்டை ஒன்று தருவார்கள். ஒவ்வொரு ஜனவரியும் ஜோராக ஆரம்பிப்பேன். மாதக் கடைசியில் லேவியராகமம் வந்து, கொழுப்பு, குண்டிக்காய், ஈரலின் மேலுள்ள ஜவ்வு என்று போகும்போது நின்றுவிடும். ஒரே ஒரு வருடம் முடித்தேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்குக் கிளம்ப வேண்டும், வெளிப்படுத்தின விசேஷத்தில் ஆறு அதிகாரம் பாக்கி, அடுப்பில் குழம்பு. ஆறு கட்டத்திலும் முதலில் டிக் போட்டுவிட்டு அப்புறம் படித்தேன். புதிய வானமும் புதிய பூமியும் வந்ததா என்று கேட்டால், வந்திருக்கும். டிக் இருக்கிறது.

கல்யாணத்துக்கு அப்புறம் படித்தது சண்டைக்கு.

அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் மிஷன் இந்தியாவில் வேலையைத் தொடங்கியதே 1895-இல் எங்கள் கிருஷ்ணகிரியில்தான் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். வேதம் என்றால் எங்கள் வீட்டுச் சொத்து என்று நினைப்பு. வாழ்க்கைப்பட்டதோ எலத்தகிரியிலிருந்து சந்தூர் வந்து மாங்கன்று நர்சரி போட்ட கத்தோலிக்கக் குடும்பத்தில். கூடத்தில் மாதா சுரூபம். நான் யாத்திராகமம் 20-இல், சுரூபம் செய்து வணங்கக் கூடாது என்கிற இடத்தில், சிவப்பு மையால் கோடு போட்டு வைத்துக்கொண்டு நேரம் பார்த்துக் காத்திருந்தேன். முதல் இரண்டு வருடம் நான் பைபிள் திறந்ததெல்லாம் அருவாள் தீட்டுகிற மாதிரிதான்.

ஒரு நாள் கொழுந்தனாரிடம் கேட்டே விட்டேன். “எங்க சர்ச் சுவத்துல என்ன எழுதியிருக்கு தெரியுமா? வேதவாக்கியங்களை ஆராய்ந்துபாருங்கள். இயேசுவே சொன்னது, யோவான் 5:39. உங்க பக்கம் யாராவது ஆராயறீங்களா?” அவர் கோபப்படவில்லை. அலமாரி மேலிருந்த திருவிவிலியத்தை, அதாவது அவர்கள் பைபிளை, இறக்கித் தூசியைத் தட்டினார். தூசியைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. அவர் எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தார். ‘மறைநூல் வழியாக நிலைவாழ்வு கிடைக்கும் என எண்ணி அதைத் துருவித்துருவி ஆய்ந்து பார்க்கிறீர்களே!’ படித்துவிட்டு, “என்ன அண்ணி, இது திட்டற மாதிரில்ல இருக்கு?” என்றார்.

அன்றைக்கு அவர்கள் மொழிபெயர்ப்புதான் தப்பு என்று சாதித்தேன். அப்புறம் எங்கள் சர்ச் போதகர் ஐயரிடம் கேட்டபோது, கிரேக்கத்தில் அந்த வினைச்சொல் ‘ஆராயுங்கள்’ என்பதற்கும் ‘ஆராய்கிறீர்கள்’ என்பதற்கும் ஒரே வடிவம், எப்படியும் எடுக்கலாம், இடத்தைப் பார்த்துதான் முடிவு செய்ய வேண்டும் என்றார். சரி, இடத்தைப் பார்ப்போம் என்று ஐந்தாம் அதிகாரத்தை முதலிலிருந்து படித்தேன். பெதஸ்தா குளத்தங்கரையில் 38 வருடமாகப் படுத்திருந்த மனுஷன் எழுந்து நடக்கிறான். வேதம் தெரிந்தவர்கள் அவனைப் பார்த்து முதலில் சொல்வது என்ன? இன்றைக்கு ஓய்வுநாள், படுக்கையைத் தூக்கிக்கொண்டு போவது நியாயமல்ல. 38 வருடம் படுத்திருந்த ஆள் கண்ணில் படவில்லை, பாய்தான் பட்டது. அவர்களிடம் இயேசு சொன்னதுதான் 39-ஆம் வசனம். அடுத்த வசனத்தில், அப்படியிருந்தும் என்னிடத்தில் வர உங்களுக்கு மனதில்லை என்கிறார். சர்ச் சுவரில் அடுத்த வசனம் இல்லை. இடம் போதவில்லையோ என்னவோ. கொழுந்தனாரிடம் இதைச் சொல்ல எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

பயத்தில் படித்ததும் உண்டு. வெளியூர் வியாபாரி ஒருவர் 4000 ஒட்டுச்செடி ஏற்றிக்கொண்டு போய்ப் பணம் தராமல் இழுத்தடித்த வருடம் அது. புது வருட ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11, ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு’. ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்துத் தினமும் பார்த்தேன். பணம் வரவில்லை. கோபத்தில் அந்த அதிகாரத்தைத் தேடிப் படித்தால், பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எழுதிய கடிதம் அது. மேல் வசனத்திலேயே எழுபது வருடம் என்று போட்டிருக்கிறது. அதுவரை? வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள். நர்சரிக்காரிக்குக் கிடைத்த பதிலைப் பாருங்கள். சிரிப்பு வந்துவிட்டது. அட்டையைக் கழற்றிவிட்டேன்.

இப்போது அத்தையைப் பற்றி, என் மாமியார்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது, ஒட்டுக் கட்டத் தெரியும். மாங்கொட்டை முளைத்து இலை இன்னும் செம்பு நிறம் மாறாமல் இருக்கும்போதே தலையை வெட்டி, தண்டை நடுவில் கீறி, ஆப்பு மாதிரி சீவிய நல்ல ரகக் குச்சியை அதில் செருகி, பாலித்தீன் நாடாவைச் சுற்றி முடிச்சுப் போடுவதை, பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே செய்வார். சர்க்கரையில் கண் மங்கிய பிறகு திண்ணைதான். ஒரு நாள் ஜெபமாலை முடிந்ததும் கூப்பிட்டார்.

“ஏம்மா, கோயில்ல ஞாயித்துக்கெழம மூணு வாசகம் படிக்கிறாங்க. எல்லாம் நடுவுல ஆரம்பிச்சு நடுவுல முடிஞ்சுபோவுது. முன்னாடி என்ன, பின்னாடி என்னன்னு உன் புஸ்தகத்துல இருக்குமா?”

இருக்கும் என்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதும் என் மனசில் ஒரு கணக்கு ஓடியது. வசனத்தைக் கேட்கக் கேட்க அத்தை நம் பக்கம் வந்துவிடுவார் என்று. ஆத்தும ஆதாயம்.

ஆதியாகமத்தில் ஆரம்பித்தோம். ஆபிரகாம், யாக்கோபு எல்லாம் தாண்டி யோசேப்பு வந்தான். 37-ஆம் அதிகாரத்தில் அவனைக் குழியில் போட்ட இடத்தில் மணி ஒன்பதரை. நாளைக்குப் படிக்கலாம் அத்தை என்றேன். “புள்ளையக் குழியில போட்டுட்டு நாளைக்குங்கிற? அப்புறம் என்ன ஆச்சு?” இஸ்மவேலருக்கு இருபது வெள்ளிக்காசுக்கு விற்கிற வரைக்கும் படித்த பிறகுதான் படுக்கப் போனார்.

மறுநாள் 38. யூதாவும் தாமாரும். படித்தவர்களுக்குத் தெரியும், மாமியார் முன்னால் வாய்விட்டு வாசிக்கிற அதிகாரம் இல்லை அது. யோசேப்பு கதைக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை என்று நினைத்திருந்தேன். சத்தமில்லாமல் பக்கத்தைத் திருப்பி 39-க்குப் போய்விட்டேன். போத்திபார் வீடு, சிறைச்சாலை, பார்வோனின் சொப்பனம், பஞ்சம் என்று ஒரு வாரம் ஓடியது. 44 வந்தது. பென்யமீன் சாக்கில் வெள்ளிப் பாத்திரம் அகப்படுகிறது. யூதா முன்னால் வந்து, தம்பியை விட்டுவிடுங்கள், அவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்கிறான்.

“நிறுத்து,” என்றார் அத்தை. “யாரு பேசறது?”

“யூதா.”

“அன்னிக்கு வித்துப்போடலாம்னு சொன்னவனா?”

“அவன்தான்.”

“அவனா இவன்? நடுவுல என்னமோ நடந்திருக்கு. நீ படிச்சதுல அது வரல.”

எனக்கு முகம் சுட்டது. ஒரு அதிகாரத்தைத் தாண்டிவிட்டேன் அத்தை என்று ஒத்துக்கொண்டு 38-க்குத் திரும்பினேன். அடுத்தடுத்து இரண்டு மகன்கள் செத்ததும், மூன்றாமவன் பெரியவனாகட்டும் என்று சாக்குச் சொல்லி மருமகள் தாமாரை அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டு யூதா மறந்துபோகிறான். அவள் முக்காடு போட்டுக்கொண்டு வழியில் உட்கார்கிறாள். வேசி என்று நினைத்து அவளிடம் போனவன் மோதிரத்தையும் கைக்கோலையும் அடகாகக் கொடுக்கிறான். அவள் கர்ப்பம் என்று கேள்விப்பட்டதும், வெளியே கொண்டுவந்து சுட்டெரியுங்கள் என்கிறான். அவள் அந்த மோதிரத்தையும் கோலையும் அனுப்பி, இவை யாருடையவை பாரும் என்கிறாள். குரலைத் தாழ்த்தி, வேகவேகமாக ஓட்டினேன். அத்தை குறுக்கே பேசவில்லை. ‘என்னிலும் அவள் நீதியுள்ளவள்’ என்று யூதா சொல்கிற இடத்தில் கையைத் தூக்கினார்.

“அத இன்னொரு தடவ படி.”

படித்தேன்.

“இங்கதான் ஆள் மாறியிருக்கான். ஊரு முன்னாடி, மருமகதான் சரி, நான் தப்புன்னு சொல்லிட்டானில்ல. அதுக்கப்புறம் அடிமையா இருக்கேன்னு சொல்றது பெரிய காரியமில்ல.” கொஞ்ச நேரம் கழித்து, “இதையா வேணாம்னு தாண்டுன?” என்றார். அப்புறம் அவரே, “கிறிஸ்மஸுக்கு முன்னாடி ஒரு பேர்ப்பட்டியல் படிப்பாங்களே பூசையில, அதுல தாமார்னு வரும். அவளா?”

மத்தேயுவைத் திறந்து இயேசுவின் முன்னோர் பட்டியலைப் பார்த்தேன். மூன்றாம் வசனத்திலேயே இருக்கிறாள்.

டிக் போட்ட அட்டையில் 38-ஆம் கட்டத்திலும் டிக் இருக்கும். எத்தனை தடவை அதைத் தாண்டியிருக்கிறேன்! அப்புறம் என்ன ஆச்சு என்று தெரிந்துகொள்ளப் படிக்கலாம் என்பதை ஞாயிறு பள்ளியிலும் யாரும் சொன்னதில்லை, பெண்கள் கூடுகையிலும் யாரும் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை.

பெருமைக்காகப் படிக்கிற புத்தி அதற்கப்புறமும் போய்விடவில்லை. நம் தொழில் பைபிளிலேயே இருக்கிறது பாருங்கள் என்று காட்ட, ஒரு நாள் ரோமர் 11-ஐ எடுத்தேன். காட்டொலிவமரக் கிளையை நல்ல ஒலிவமரத்தில் ஒட்டவைப்பதைப் பவுல் சொல்கிற இடம். அத்தை மூக்கில் விரல் வைத்தார். “எவன் இப்படி ஒட்டுவான்? கொட்டச்செடியிலதான் நல்ல குச்சிய ஒட்டணும். நல்ல மரத்துல காட்டுக் குச்சிய ஒட்டுனா காட்டுக் காயில்ல காய்க்கும்? அந்தாளுக்குத் தோட்ட வேல தெரியாது.” நான் இன்னும் கொஞ்சம் கீழே படித்தேன். ‘சுபாவத்துக்கு விரோதமாய்’ என்று பவுலே சொல்லியிருந்தார். “ஓ, தெரிஞ்சுதான் சொல்றாரா,” என்றார். அன்றைக்கு முழுக்க அதே யோசனை போல. சாயங்காலம் நர்சரியில் குச்சி சீவிக்கொண்டிருந்த பெண்களிடம், “கடவுள் தலைகீழா ஒட்டுவாராமில்ல,” என்று சொல்வது காதில் விழுந்தது.

அத்தை எங்கள் பக்கம் வரவில்லை. ஜெபமாலை முடிந்தால்தான் பைபிள். நானும் இப்போது அந்த ஜெபமாலை முடியும்வரை பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு.

போன வாரம் அப்போஸ்தலர் முடிந்தது. 27-இல் கப்பல் உடைகிற இடம் அத்தைக்கு ரொம்பப் பிடித்தது, இரண்டு தடவை கேட்டார். 28-இல் பவுல் ரோமாபுரி போய்ச் சேர்ந்து, வாடகை வீட்டில் இரண்டு வருடம் தங்கி, வருகிறவர்களுக்கெல்லாம் பிரசங்கம் பண்ணுகிறார். அதோடு புத்தகம் முடிகிறது.

“அப்புறம்?”

“அவ்வளவுதான் அத்தை.”

“ரோமாபுரி ராயன் முன்னாடி பவுலோட வழக்கு என்ன ஆச்சு?”

“எழுதல.”

“அது எப்படி? கப்பல்ல எத்தன நங்கூரம் போட்டாங்கங்கிற வரைக்கும் எழுதினவரு இத விட்டுட்டாரா?” கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். தூங்கிவிட்டார் போல என்று மூடப் போனேன்.

“ஏம்மா, ரெண்டு வருசத்துக்கு வாடக யாரு குடுத்தது?”

பிலிப்பியர் நாலாம் அதிகாரத்தில், எப்பாப்பிரோதீத்து கையில் பணம் கொடுத்து அனுப்பிய கதை ஒன்று வரும். அது இந்த வீட்டில் இருந்தபோதுதானா? மணி பத்தேகால். விளக்கை அணைக்காமல் பக்கத்தைத் தள்ளினேன்.