வெள்ள ஆண்டும் சாய்வுக் கோடும்: மழைத்தரவை ஆய்வுக்கு எடுப்போருக்கு

"2018 ஐ எடுத்துவிட்டால் உம்முடைய கோடு எந்தப் பக்கம் சாயும்?" என்று வாய்மொழித் தேர்வில் கேட்கப்பட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கிய அவ்வாண்டு மார்கழி, நான் ஆய்வுக்கு எடுத்த ஆண்டு வாரியான மழைத்தொடரின் இறுதிப் புள்ளிகளுள் ஒன்றாக இருந்தது. புள்ளிகளிலிருந்து விலகும் தூரங்களின் வர்க்கத் தொகை மிகக் குறைவாக அமையும்படி, அதாவது இழிவு வர்க்க முறையில், வரைந்த போக்குக் கோட்டை அது தன் பக்கம் இழுத்திருந்ததை நான் கவனிக்கவேயில்லை.

திருத்தத்தின்போது நான் கற்றது தைல்–சென் முறை. 1950 இல் தைல் முன்வைத்து 1968 இல் சென் விரிவாக்கிய இம்முறையில், ஒவ்வோர் இரு ஆண்டுகளுக்கும் இடையிலான சாய்வைத் தனித்தனியே கணித்து, அவற்றின் இடையத்தை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் பெறுமானத்தை, எடுக்கிறோம். மென்பொருளைத் திறக்குமுன் தாளில் ஒருமுறை செய்து பாருங்கள். ஐந்து ஆண்டுகளின் பெறுமானங்கள் 10, 11, 13, 14, 15 எனில், இழிவு வர்க்கச் சாய்வு 1.3, இடையச் சாய்வு ஏறத்தாழ 1.29. கடைசி எண்ணை 40 ஆக மாற்றினால் முன்னையது 6.3 க்குத் தாவுகிறது, பின்னையது 1.75 இல் நிற்கிறது. பெரிய தொடர்களில் ஏறத்தாழ 29 சதவீதமான தரவுகள் பழுதானாலும் இடையச் சாய்வு கட்டுக்கடங்காமல் ஓடிவிடாது.

போக்கு உண்மையானதா என்பதற்கு மான்–கெண்டல் சோதனை துணை. பிந்திய ஆண்டின் பெறுமானம் பெரிதானால் +1, சிறிதானால் −1 என எல்லாச் சோடிகளுக்கும் கூட்டினால் வரும் தொகையே சோதனையின் அடிப்படை. 30 ஆண்டுகளுக்கு 435 சோடிகள். சமமான பெறுமானங்கள் இல்லாதபோது அத்தொகையின் நியம விலகல் ஏறத்தாழ 56 என்பதால், தொகை +111 ஐ அல்லது −111 ஐ எட்டினால்தான் 5 சதவீத மட்டத்தில் சூனியக் கருதுகோளை, அதாவது போக்கே இல்லை என்ற எடுகோளை, நிராகரிக்கலாம். தரவு செவ்வன் பரவலில் (மணிவடிவப் பரவலில்) இருக்கத் தேவையில்லை என்பதை எல்லோரும் எழுதுவார்கள். ஆனால் ஓராண்டின் நிலை அடுத்த ஆண்டிலும் தொடரும் தரவில், உதாரணமாகக் குளத்து நீர்மட்டத்தில், இச்சோதனை இல்லாத போக்கையும் இருப்பதாகக் காட்டக்கூடும் என்பதைச் சிலரே எழுதுகிறார்கள்; தேர்வாளர் கேட்பதும் அதைத்தான்.

கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அடங்கிய வன்னியின் தரவில் இரண்டு இடங்கள் வழுக்கும். ஆனி, ஆடி மாதங்களில் மழையே பெய்யாத ஆண்டுகள் பல இருந்தால், சோடிகளில் பெரும்பகுதியின் சாய்வு சுழியாகி, இடையச் சாய்வும் சுழியாகிவிடும். சமமான பெறுமானங்களுக்கு ஏற்ப மாறற்றிறனை (நியம விலகலின் வர்க்கத்தை) திருத்தாமல் முடிவு எழுதக் கூடாது. என் கருத்தில், அம்மாதங்களைத் தனியே எடுப்பதைவிடக் காலபோகம், சிறுபோகம் என்ற இரு நெற்செய்கைப் பருவங்களின் மழைத்தொகைகளாக எடுப்பதே பயனுள்ளது. வயல் செய்பவருக்கும் அதுதான் கணக்கு. மற்றது, போர்க்காலத்தில் பதிவு விடுபட்ட ஆண்டுகள். சாய்வைக் கணிக்கையில் உண்மையான ஆண்டு வேறுபாட்டால் வகுப்பதால் இடைவெளியை முறை தாங்கும். எனினும் நீண்ட இடைவெளியின் இருபுறமும் வெவ்வேறு மழைமானிகள் இருந்திருந்தால், நீங்கள் அளப்பது மழையின் மாற்றமா மானியின் மாற்றமா என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. நிலையப் பதிவேட்டை நேரில் போய்ப் பாருங்கள்.

இரு முறைகளின் சாய்வையும், வெள்ள ஆண்டு உள்ளபோதும் இல்லாதபோதும், ஒரே அட்டவணையில் அருகருகே இடுங்கள். திருத்தத்துக்கு எனக்குக் கிடைத்த இரண்டு வாரங்களில் முதல் மூன்று நாட்கள் அந்த ஓர் அட்டவணைக்கே போயின.