இடது மூலையில் ஒரு பின்னம்

லித்தோகிராஃப், அதாவது கல்லில் வரைந்து தாளில் அச்சடித்த கல்லச்சுப் படம், ஒன்று விற்பனைக்கு வந்தால், வாங்குபவர் கண் முதலில் போவது கீழே இடது மூலையில் பென்சிலால் எழுதிய எண்ணுக்குத்தான். 18/50 என்றால் ஐம்பது பிரதிகளில் பதினெட்டாவது. "1/50 கிடைக்குமா?" என்ற கேள்வி அடிக்கடி வரும். செப்புத் தகட்டை ஊசியால் கீறி அடிக்கும் ட்ரைபாயின்ட்டுக்கு அந்தக் கேள்வி பொருந்தும். அங்கே கீறலின் பிசிறு அச்சுக்கு அச்சு நசுங்கிப் போகும், முதல் சில தாள்களில்தான் கோடு செழிப்பாக இருக்கும். கல்லச்சில் அப்படி இல்லை. தாள்கள் எல்லாம் காய்ந்து, தேறாதவற்றைக் கழித்த பிறகே கலைஞர் உட்கார்ந்து எண் போடுகிறார். பதினெட்டாவதாக எண்ணிட்ட தாள் முதலில் அச்சானதாகவும் இருக்கலாம்.

நன்றாகப் பராமரித்த கல் ஆயிரக்கணக்கில் அச்சடிக்கும். 1894-இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் சாமி படங்கள் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது அதனால்தான். ஐம்பதோடு நிறுத்துவது கலைஞரும் அச்சகமும் கொடுக்கும் வாக்கு. ஆகவே எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, கணக்கு முழுவதையும் கேட்க வேண்டும்: எண்ணிட்டவை 50, அதற்கு வெளியே கலைஞர் வைத்துக்கொள்ளும் பிரதி (ஏ.பி.) எத்தனை, அச்சகத்தார் வைத்துக்கொள்ளும் பிரதி (பி.பி.) எத்தனை, ரோமன் எண்ணில் தனிப் பதிப்பு உண்டா, வேலை முடிந்ததும் கல்லைத் தேய்த்து அழித்தார்களா? ஏ.பி. பத்து சதவீதத்துக்குள் இருப்பது வழக்கம். ஐம்பதுக்கு இருபது ஏ.பி. என்றால் அந்த ஐம்பதுக்கு அர்த்தமில்லை.

விலைக்குப் பின்னால் இருக்கும் உழைப்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லை கார்போரண்டம் என்ற கடினமான உராய்வுத் தூளும் தண்ணீரும் விட்டு, கரடுமுரடான தூளில் தொடங்கி நைசான தூள்வரை அரைக்கிறார்கள். கொழுப்புள்ள க்ரேயானால் வரைந்து, வேலம்பிசின் கரைசலில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் கலந்து பூசுகிறார்கள். அமிலம் கூடினால் மெல்லிய சாம்பல் நிறங்கள் கருகி மறையும். குறைந்தால் நாலைந்து தாளுக்குள் நிழல் பகுதி அடைத்துக் கறுத்துவிடும். அச்சடிக்கும்போது ஒருவர் ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் மை உருளையை ஓட்ட வேண்டும். கொழுப்பு மையைப் பிடிக்கும், ஈரம் அதை ஒதுக்கும்; ஈரம் ஒரு நொடி காய்ந்தாலும் வரையாத இடத்தில் மை பிடிக்கும். நிறத்துக்கு ஒரு கல். ஐந்து நிறம், ஐம்பது பிரதி என்றால் குறைந்தது 250 முறை பிரஸ் ஓட வேண்டும். வீணாவதற்கென்று கூடுதல் தாளும் ஒதுக்குவார்கள்.

கல் உடைவதும் உண்டு. 1963-இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் டாட்யானா கிராஸ்மனின் அச்சகத்தில் அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ரௌஷன்பெர்க்குக்கு அது நடந்தது. உடைந்த கல்லிலேயே அச்சடித்தார். விரிசல் வெள்ளைப் பட்டையாகப் படத்தின் குறுக்கே இறங்குகிறது. 'ஆக்ஸிடென்ட்' என்று பெயரிட்ட அந்தப் படைப்பு அதே ஆண்டு லியுப்லியானா (இன்றைய ஸ்லோவேனியாவின் தலைநகர்) வரைகலைக் கண்காட்சியில் பெரும் பரிசு பெற்றது. பதிப்பு வெறும் 29.

இனி லென்ஸ். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இல்லாமல் இந்தத் தொழிலில் யாரும் வாய் திறக்கக் கூடாது. க்ரேயான் கோட்டை அதன் வழியே பார்த்தால், அரைத்த கல்லின் மேடுகளில் மட்டும் மை உட்கார்ந்து, ஒழுங்கற்ற மணல்போலத் தெரியும். ஆஃப்செட் மறுபதிப்பில் அதே கோடு நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகப் பிரிந்து சின்னச் சின்னப் பூ வட்டங்களாகக் கிடக்கும். சிவகாசிக் காலண்டரை லென்ஸில் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. ஆனால் புள்ளி கண்டதுமே போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. புகைப்படத்தைக் கல்லுக்கோ தகட்டுக்கோ மாற்றும் கலைஞர்களின் படைப்பில் புள்ளி வரத்தான் செய்யும். கையால் இழுத்த கோட்டுக்குள்ளும் நாலு நிறப் புள்ளி இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். கையெழுத்தையும் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். பென்சில் கரி தாளின் நார்மேல் மினுங்கும், எழுதிய இடம் லேசாகப் பள்ளமாகும். கையெழுத்தே புள்ளியாகப் பிரிந்தால் அது போஸ்டர்.

கையெழுத்து உண்மையானாலும் படம் உண்மையாகிவிடாது. 1974-இல் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே உள்ள குட்டி நாடான அந்தோராவுக்குப் போன லாரியை பிரெஞ்சு சுங்கத்தார் நிறுத்தியபோது, ஸ்பானிய ஓவியர் சால்வதோர் டாலி கையெழுத்திட்ட வெற்றுத் தாள்கள் சுமார் 40,000 அதில் இருந்தன. டாலியின் பிற்கால லித்தோக்களைச் சந்தை இன்றும் தயங்கித்தான் தொடுகிறது. அதனால் சான்றிதழைவிடத் தாளில் இருப்பதை நம்புகிறோம்: ஓரத்தில் அச்சகத்தின் மையில்லா அழுத்த முத்திரை, ஆர்ஷ் அல்லது ரீவ்ஸ் என்ற தாள் வகையின் நீர்க்குறி, வெட்டுப்படாத ஓரம், கலைஞரின் படைப்புப் பதிவேட்டோடு ஒத்துப்போகும் உயர அகலம். ஓரத்தை இரண்டு சென்டிமீட்டர் நறுக்கிச் சட்டத்துக்குள் திணித்த தாள் எத்தனை அழகாக இருந்தாலும் விலையில் பெரும்பகுதியை இழக்கும்.

சட்டத்தோடு வரும் படத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். அமிலம் உள்ள மவுண்ட் அட்டை படத்தைச் சுற்றிப் பழுப்புக் கோடு போட்டிருக்கும். பின்புறம் செலோடேப் ஒட்டியிருந்தால் அதன் கறை தாளுக்குள் இறங்கியிருக்கும். ஜப்பானியத் தாள் துண்டும் கோதுமை ஸ்டார்ச் பசையும் கொண்டு மேல் ஓரத்தில் இரண்டே இடத்தில் தொங்கவிடுவதுதான் முறை. தாள் விரியவும் சுருங்கவும் இடம் வேண்டும். சென்னை போன்ற புழுக்கமான ஊரில் வெளிச்சுவரில் மாட்டினால் பூஞ்சணமும் ராமபாணப் பூச்சியும் வரும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி அவசியம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட மையைச் சேதமில்லாமல் முழுசாகப் பிரித்தெடுப்பது அநேகமாக நடக்காத காரியம்.