சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

கடலூரின் மீனவர் பகுதியான தேவனாம்பட்டினத்தில் சர்க்கரை நோயாளிகளின் வீட்டுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது ஊசியைத்தான். நம் மருந்துக்கடைகளில் இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வலிமையில் கிடைக்கிறது. முன்னதற்குச் சிவப்பு மூடி ஊசி, பின்னதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் வழக்கமான கோடு வரை இழுத்தால், இரண்டரை மடங்கு மருந்து உடம்பில் ஏறிவிடும். "எல்லாம் ஊசிதானே சிஸ்டர்" என்று சிரிக்கும் ஆயாக்களோடு சேர்ந்து என்னால் சிரிக்க முடிவதில்லை.

பிரிட்ஜ் இருக்கும் வீட்டில் வேறு வம்பு. மீனோடு மருந்தையும் ஃப்ரீசரில் திணித்துவிடுகிறார்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகினாலும் குப்பைக்குத்தான்.

மாத்திரைக்காரர்கள் கதை தனி. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெபிரைடு மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு மீன் ஏலத்துக்கு ஓடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும். அப்போது வாயில் போட்டுக்கொள்ளட்டும் என்று ஓர் ஆயாவின் சுருக்குப்பையில், வெற்றிலைக்குப் பக்கத்தில், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைப் பொட்டலமாக மடித்து வைத்தேன். மறுவாரம் பொட்டலத்தைக் காணவில்லை. பேரன் தின்றுவிட்டானாம். இப்போது இரண்டு பொட்டலம் மடித்துக் கொடுக்கிறேன்.