எந்த வார்டு கவுன்சிலர்?

2025 மே மாதம் ஐந்து நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'வாலிபர் முகாம் கவுன்சிலர்' என்று போட்டிருந்தேன். எங்கள் லாரி புக்கிங் ஆபீஸ் முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "எந்த வார்டுப்பா? சொல்லவே இல்ல" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். திண்டுக்கல்லில் கவுன்சிலர் என்றால் சாக்கடை அடைப்புக்குப் போன் போட்டுத் திட்டுகிற ஆள்தானே.

கிறிஸ்தவ சபை முகாமில் கவுன்சிலர் என்றால் வேறு. எட்டுப் பையன்களுக்கு ஒரு ஆள். அவர்களோடு சாப்பிட வேண்டும், விளையாட வேண்டும், காலையில் அமைதி வேளைக்கு, அதாவது தனி ஜெபத்துக்கு, எழுப்பி உட்கார வைக்க வேண்டும், சிறுகுழுவில் வேதபாடம் நடத்த வேண்டும், ஒரு நாளைக்கு இருபது தடவையாவது எட்டு வரைக்கும் எண்ண வேண்டும். சம்பளம் கிடையாது. பஸ் காசும் நம் கையிலிருந்துதான். எனக்கு இது மூன்றாவது வருஷம்.

முகாமுக்கு முந்தின சனிக்கிழமை ஆலயத்துக்குப் பக்கத்து ஹாலில் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. பொறுப்பாளர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். எல்லோரும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். பைபிள் பாடத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு மீதி நேரம் முழுக்க விதிகள் சொன்னார். எந்தப் பையனோடும் கதவு சாத்திய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பேசுவதானால் நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். ஒரு ஹாலில் இரண்டு குழு, இரண்டு கவுன்சிலர். ஒற்றை ஆளாக யாரும் படுக்கக் கூடாது. பிள்ளைகளுக்குப் பாலியல் தொல்லை நடந்தது என்று தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைத்தால், 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி மறைத்தவர் மேலேயே வழக்கு வரும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லோரையும் போனில் பதிந்துகொள்ளச் சொன்னார். கடைசியாக ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார்: "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு எந்தப் பிள்ளைக்கும் வாக்கு குடுக்காதீங்க. அந்த வாக்கை உங்களால காப்பாத்த முடியாது." நான் அதை நோட்டில் எழுதி அடியில் கோடும் போட்டேன்.

13-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை கிளம்பினோம். கொடைக்கானலுக்கு இப்போதெல்லாம் இ-பாஸ் இல்லாமல் வெளியூர்த் தனியார் வண்டி ஏற முடியாது, உயர் நீதிமன்ற உத்தரவு. வத்தலக்குண்டு தாண்டி வளைவுகள் தொடங்கியதுமே பின் சீட்டில் முதல் வாந்தி. எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்க்கக் கொடுத்தேன். அதை ஒருத்தன் கடித்துத் தின்றுவிட்டான். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கீழே அடித்த வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பித்து இந்த மலையில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். துரைமாரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறியது நம்மூர் ஆட்கள். எங்கள் பையன்களால் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு ஏறவே முடியவில்லை.

என் எட்டுப் பேரில் நாலு பேர் பத்தாவது எழுதியவர்கள், மூன்று பேர் பிளஸ் ஒன், ஒருத்தன் ஒன்பதாவது. பெயர்கள் வேண்டாம். முறுக்கு டின்னோடு வந்தவன் ஒருத்தன், தூக்கத்தில் குத்துப்பாட்டு முணுமுணுப்பவன் ஒருத்தன். ஜன்னல் ஓரக் கட்டிலை ஓடிப் பிடித்துக்கொண்டு, அப்புறம் குளிர் தாங்காமல் சுருண்டு கிடந்தவன் ஒருத்தன். இது அவனைப் பற்றித்தான்.

அவன் ஸ்வெட்டர் கொண்டுவரவில்லை. விடுதியில் கொடுத்த கம்பளியில் அந்துருண்டை நாற்றம் அடித்தது, அதைப் போர்த்திக்கொண்டேதான் அமைதி வேளைக்கும் வந்தான். இரண்டாம் நாள் சிறுகுழுவில் பைபிளில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிற பகுதி. தூதன் வந்து தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான், தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. "அடைன்னா எங்க அம்மா சுடுமே அதாண்ணே?" என்று முறுக்கு டின்காரன் கேட்டான். அதற்குப் பிறகு பாடம் எங்கே நடந்தது? முருங்கைக்கீரை போட்ட அடையா, வெறும் அடையா என்று பெரிய விவாதம். ஜன்னல் கட்டில்காரன் மட்டும் அதில் சேரவில்லை.

அன்றைக்கு ராத்திரி விளக்கணைத்த பிறகு வராந்தாவுக்கு வந்து நின்றான். பக்கத்துக் குழு கவுன்சிலர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கேட்காத தூரத்தில் படியில் உட்கார்ந்தோம்.

"அண்ணே, எனக்குக் கணக்கு போயிரும்."

"எல்லாரும் அப்படித்தான்டா சொல்லுவாங்க."

"இல்லண்ணே. நாலு பக்கந்தான் எழுதுனேன். அப்பாட்ட எல்லாம் நல்லா எழுதிருக்கேன்னு சொல்லிருக்கேன். நீங்க யார்ட்டயும் சொல்லாதீங்க."

"சரிடா, சொல்லல" என்றேன்.

அடிக்கோடு போட்டு எழுதின நோட்டு அந்த நேரம் என் தலையணைக்குக் கீழே இருந்தது. ரிசல்ட் வர இன்னும் நாள் இருக்கிறதே, அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன் போலிருக்கிறது. எஸ்எஸ்எல்சி முடிவு 19-ஆம் தேதி என்றுதான் முதலில் அறிவித்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் முகாமை 17-ஆம் தேதி காலையோடு முடிகிற மாதிரி வைத்திருந்தோம். கல்வித்துறை அதை 16-ஆம் தேதிக்கு முன்னால் இழுத்துவிட்டது. காலை 9 மணிக்குப் பத்தாவது, அன்றைக்கே மதியம் பிளஸ் ஒன். மலைமேல் இருந்த எங்களுக்கு அது வியாழக்கிழமை சாயங்காலம்தான் தெரியவந்தது, அதுவும் சமையல்கார அண்ணன் சொல்லி.

வெள்ளிக்கிழமை முகாமின் கடைசி ராத்திரி, எந்த முகாமிலும் பெரிய நாள் அதுதான். ராத்திரி அர்ப்பணிப்புக் கூட்டம், பாடல், கேம்ப் ஃபயர். வியாழன் இரவு ஐயா எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பையன்களின் போன்கள் எல்லாம் முதல் நாளே வாங்கிப் பூட்டியாகிவிட்டது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும், ஆவிக்குரிய சூழ்நிலை கெட்டுவிடும் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அப்பாவின் போனுக்கு எஸ்எம்எஸ் வந்து தெருவுக்கே தெரிந்த பிறகு, எழுதினவனுக்கு மட்டும் தெரியாமல் அவனைப் பாட வைப்பது என்ன நியாயம்? அதைச் சொன்னேன். அப்புறம் அந்த வராந்தாப் பேச்சையும் சொன்னேன். ஐயா என்னைத் திட்டவில்லை. "சொல்ல மாட்டேன்னு சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். "அப்ப அதையும் நாளைக்கு அவன்ட்ட நீங்கதான் சொல்லணும்" என்றார்.

முடிவானது இதுதான். ரிசல்ட்டைக் கவுன்சிலர் முதலில் பார்க்க வேண்டும். தவறியவன் வீட்டுக்குப் பேசிவிட்டு அப்புறம் பையனிடம் சொல்ல வேண்டும். அன்று ராத்திரி அந்தப் பையன் யாராவது ஒருவர் கண் பார்வையில் இருக்க வேண்டும், ஆனால் போலீஸ் காவல் மாதிரி அவனுக்குத் தோன்றக் கூடாது. தேவைப்பட்டால் கூப்பிட 14416 என்ற மனநல உதவி எண்ணைச் சீட்டில் எழுதி எங்கள் எல்லோருக்கும் கொடுத்தார். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ரிசல்ட் நாட்களைப் பார்த்தவர் அவர்.

விடுதியில் சமையற்கட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கிய இடத்தில் மட்டும்தான் சிக்னல், அதுவும் இரண்டு கோடு. ஒன்பது மணிக்கு ஆறேழு கவுன்சிலர்கள் அங்கே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒருத்தனுக்கும் பதிவு எண் மனப்பாடமாகத் தெரியவில்லை. வீடுவீடாகப் போன் போட்டு எண்ணும் பிறந்த தேதியும் வாங்கினோம். மூன்று பேர் பாஸ். நாலாவது எண்ணுக்குப் பக்கம் திறக்க வெகு நேரம் ஆனது. கணக்கில் 27. தேவை 35. அந்த வருஷம் மாநிலத்தில் 93.80 சதவீதம் தேர்ச்சி என்று அப்புறம் செய்தியில் வந்தது. மிச்ச ஆறு சொச்சத்தில் ஒன்று என் கையில் இருந்தது.

வீட்டில் அம்மா எடுத்தார்கள். எஸ்எம்எஸ் ஏற்கெனவே வந்திருந்தது. அழுகை. பின்னால் ஒரு ஆண் குரல் கேட்டது, ஆனால் அவர் போனுக்கு வரவில்லை.

அவனை அழைத்துக்கொண்டு அதே வராந்தாப் படிக்குப் போனேன். சொன்னேன். "தெரியும்ணே" என்றான். ஜூலையில் துணைத்தேர்வு இருக்கிறது, இந்த ஒரு பேப்பர் மட்டும் எழுதினால் போதும், வருஷம் வீணாகாது என்று அடுக்கினேன். எதற்கும் அவன் முகம் அசையவில்லை. அப்புறம், "நீ சொன்னதை நேத்து ஐயாட்ட சொல்லிட்டேன்டா. சொல்ல மாட்டேன்னு உன்ட்ட சொல்லிருக்கக் கூடாது, தப்பு என்மேலதான்" என்றேன். அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். "நீங்களுமாண்ணே" என்று எழுந்து போய்விட்டான். ஃபெயில் ஆனதற்கு வராத கோபம் அதற்கு வந்தது.

நான் பின்னாலேயே போனேன், கொஞ்சம் தள்ளி. நேராகச் சமையற்கட்டுப் பக்கம் போய் விறகுக் கட்டையில் உட்கார்ந்தான். சமையல்கார அண்ணனுக்கு யார் சொன்னார்களோ, சொல்லவில்லையோ, ஒரு தட்டில் காலையில் மிஞ்சின உப்புமாவையும் ஒரு டம்ளர் டீயையும் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் ரொம்ப நேரம் அதைப் பார்க்காமல் இருந்தான். பிறகு சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்து, கேட்காமலே ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு அவரோடு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தான். அழுதிருந்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

பதினொரு மணி வாக்கில் என் போன் அடித்தது. அவன் அப்பா. கணக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "அங்க குளிரா சார்? ஸ்வெட்டர் வாங்கிக் குடுக்கல, அவசரத்துல விட்டுப்போச்சு" என்றார். போனை அவனிடம் கொடுத்தேன். "ம்... ம்... சரிப்பா" என்பதற்கு மேல் அவன் பேசவில்லை.

ராத்திரிக் கூட்டத்தில், இயேசுவுக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்னால் வரலாம் என்று பிரசங்கியார் அழைப்பு கொடுத்தார். கிடார் மெதுவாக ஒலித்துக்கொண்டிருந்தது, பையன்கள் ஒருவர் பின் ஒருவராக முன்னால் போனார்கள். என் குழுவில் ஐந்து பேர் போனார்கள், இரண்டு பேர் தேம்பி அழுதார்கள். ஜன்னல் கட்டில்காரன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தே இருந்தான். போகிறாயா என்று நான் கேட்கவில்லை. அவன் பக்கத்தில் ஒரு இடம் விட்டு உட்கார்ந்துகொண்டேன். கண்ணைத் திறந்தபடியேதான் ஜெபம் பண்ணினேன், காவல் இருக்க வேண்டுமே.

கேம்ப் ஃபயர் முடிந்த பிறகு கவுன்சிலர்கள் அறிக்கை எழுத வேண்டும். எத்தனை பேர் தீர்மானம் எடுத்தார்கள் என்று அதில் ஒரு கட்டம். ஐந்து என்று போட்டேன். எனக்கு அந்தக் கட்டத்தின் மேல் எப்போதுமே சந்தேகம்தான். முந்தின வருஷம் முன்னால் போனவர்களில் ஒருத்தன் என்னிடம் பிறகு சொன்னான், பக்கத்தில் இருந்தவன் போனதால் போனானாம். குறிப்பு என்ற இடத்தில், 'ஒருவன் வெங்காயம் உரித்தான்' என்று எழுதினேன். ஐயா அதைப் படித்துவிட்டுக் கோடு போட்டு அடிக்கவில்லை, அப்படியே கோப்பில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். நல்ல வெயில். அவன் அப்பா டூவீலரை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார். பையைக் கையில் வாங்கிக்கொண்டார். அவன் என்னிடம், "வர்றேண்ணே" என்றான், முகத்தைப் பார்க்காமல். இரண்டு பேரும் பேசாமலே நடந்து போய்க் கரும்புச்சாறு வண்டிக்கு முன்னால் நின்றார்கள். இரண்டு டம்ளர் வாங்கினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, உங்களுக்கும் ஒன்று சொல்லவா என்பது போலக் கையைத் தூக்கிக் காட்டினார்.

நான் மீதி ஏழு பேரை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணி முடித்துவிட்டுப் போனேன். ஐஸ் போடாமல்.