கழுத்தில் குலை தள்ளிய ட்ரோபியஸ்

2024 ஜனவரி 7, ஞாயிறு. சாட்ஸ்வொர்த், டர்பன்

தூத்துக்குடியிலிருந்து தம்பி மகன் வீடியோ காலில் வந்தான். பிப்ரவரி 11 என் மகள் கல்யாணம். தாய்மாமன் சீரோடு தம்பி குடும்பமாக வருகிறான். பிரயாண ஏற்பாடெல்லாம் எந்த மட்டில் இருக்கிறது என்று நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே, "அத்தை, உங்க ஊர்ல ட்ரோபியஸ் வரும்லா?" என்றான்.

வரும். போக்கிமான் கோ என்கிற போன் விளையாட்டில் சில உயிர்கள் சில நிலப்பகுதிகளில் மட்டும்தான் தலைகாட்டும். ட்ரோபியஸ் ஆப்பிரிக்காவில் திரியும். இந்தியாவில் வழக்கமாகக் கிடைக்காது. ரெண்டு வருஷம் முன்னால் ஊருக்குப் போனபோது இவன்தான் என் போனில் அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். அன்றிலிருந்து நான் விடவில்லை. சந்தைக்கு நடக்கும் வழியில் தினமும் நாலைந்து பிடிப்பேன். ட்ரோபியஸும் பிடித்திருக்கிறேன். பை நிறைந்ததும் "இதுதான் இங்கேயே கிடைக்கிறதே" என்று விளையாட்டில் வரும் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டேன், அனுப்பினால் திரும்பி வராது. அதைச் சொன்னதும் பயல் முகம் சுருங்கிப் போயிற்று. கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் அதன் அருமை எனக்குத் தெரியாமல் போனது. புதிதாக ஒன்று பிடித்து வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

2024 ஜனவரி 8, திங்கள்

கணக்கு இதுதான். கைமாற்ற வேண்டுமானால் இரண்டு போனும் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்குத்தான் அவனே வருகிறானே. சிக்கல் ஸ்டார்டஸ்டில், அந்த விளையாட்டின் செலவுக் காசு மாதிரி அது. அவன் பட்டியலில் இல்லாத உயிரைக் கொடுப்பது விசேஷக் கைமாற்று. புதுச் சிநேகிதர்களுக்கு 20,000 ஸ்டார்டஸ்ட். சிநேகிதம் அல்ட்ரா நிலைக்கு வந்துவிட்டால் வெறும் 1,600. அந்த நிலைக்கு வர முப்பது நாள், நாளுக்கு ஒரு கிஃப்டாவது போய்வர வேண்டும்.

அவனுடைய பழைய கணக்கு தொலைந்து, தம்பி போனில் புதுக் கணக்கு. கையில் இருப்பது ஏழாயிரத்துச் சொச்சம். நேற்றே சிநேகிதர்களாகிவிட்டோம். நேற்றிலிருந்து எண்ணினால் கல்யாணத்துக்குள் 36 நாள். ஆறு நாள் வரை தவறலாம்.

2024 ஜனவரி 14, ஞாயிறு

ஆயாவைக் கூட்டிக்கொண்டு தாவரவியல் பூங்காவுக்குப் போனேன். என் மாமியாரைத்தான் சொல்கிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் ஊர் வழக்கப்படி "அத்தை" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். இங்கே வீடு, தெரு எல்லாம் அவரை ஆயா என்றுதான் சொல்லும். நானும் அப்படியே ஆகிவிட்டேன்.

1849-இல் தொடங்கிய பூங்கா. உள்ளே நுழைந்ததும் ஆயாவின் நடை மாறிவிடும். ஒவ்வொரு மரத்துக்கும் நின்று, பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். நான் போனைப் பார்த்துக்கொண்டே பின்னால். ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. ஸ்ட்ரெலிட்சியா அடர்ந்து நிற்கும் இடத்தில் வந்தது. இந்த ஊரில் காட்டுவாழை என்பார்கள் அதை. இலை அச்சு அசலாக வாழைதான். ஆனால் அதில் வாழைப்பழம் காய்க்காது. காய்க்காத அந்த வாழைகளுக்கு முன்னால், கழுத்து நிறையப் பழத்தோடு ட்ரோபியஸ்.

கேமராவைப் போட்டதும் உண்மையான புல்லின் மேல் நான்கு கால் ஊன்றி நின்றது. நீண்ட கழுத்து, பழுப்பு உடம்பு, முதுகில் இறக்கைபோல நான்கு பெரிய இலை, தலையில் கவிழ்த்த பச்சை இலை, தாடைக்குக் கீழே மஞ்சள் மஞ்சளாகச் சீப்பு. இரண்டு மீட்டர் உயரம், நூறு கிலோ எடை. 2002-இல் ரூபி, சஃபயர் விளையாட்டுகளோடு வந்தது, வரிசையில் 357.

ஆயா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இது என்னம்மா, மாடா வாழையா?"

"ரெண்டும்தான் ஆயா. பழத்து மேல ஆசைப்பட்டு ஓயாமத் தின்னு தின்னு, கடைசில அதோட கழுத்துலயே பழம் காச்சிருச்சாம். பிள்ளைங்களுக்குக் குடுக்குமாம்."

"பூ எங்க?"

நான் முழித்தேன். வாழையென்றால் முதலில் பூ தள்ள வேண்டும். பூ மடல் விரிய விரியத்தான் சீப்பு சீப்பாய்க் காய் வரும். கடைசி வரை நுனியில் பூ தொங்கும். இத்தனை நாளாக எத்தனையோ ட்ரோபியஸ் பார்த்திருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை.

"இவ்வளவு பழுத்த குலைய யாராச்சும் வெட்டாம வச்சிருப்பாங்களா? கொரங்கு விட்டு வைக்குமா?" என்றார். எங்கள் தெருவில் வெர்வெட் குரங்குகள் சமையலறை ஜன்னல் வரை வரும். ஆயா குலைகளுக்குச் சாக்கு கட்டி வைப்பதே அதற்காகத்தான்.

நானாப் பழம் ஒன்று போட்டேன். வாழைப்பழச் சாயலில் இருக்கும் அந்தப் பழத்தைத் தின்றால் போக்கிமான் கொஞ்சம் அசையாமல் நிற்கும். பிடிக்க எறிந்த முதல் பந்து உடைந்தது. இரண்டாவதும். மூன்றாவது பந்து மூன்று முறை ஆடி நின்றபோது ஆயாதான் முதலில் கை தட்டினார்.

திரும்பும் வழியில் வுட் சைக்காடைப் பார்த்தோம். 1895-இல் ஜான் மெட்லி வுட் ஒங்கோயே காட்டில் கண்டெடுத்த ஆண் மரம். அதற்குப் பெண் மரம் இன்றுவரை எங்கும் கிடைக்கவில்லை. உலகத்தில் இன்று இருக்கிற அந்தச் சாதி மரமெல்லாம் அந்த ஒரே மரத்தின் கன்றுகள். பக்கத்தில் முளைத்ததைப் பிரித்துப் பிரித்து வைத்தவை. பலகையில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். ஆயா வெகுநேரம் அங்கேயே நின்றார். "வாழையும் அப்படித்தானே. விதை ஏது?" என்றார்.

2024 ஜனவரி 15, திங்கள்

பொங்கல். ஆயா வாசலில் வைத்தார். பால் கிழக்கே பொங்கியது. கிஃப்ட் போய்விட்டது, அவனும் திறந்துவிட்டான். ஒன்பது நாள்.

2024 ஜனவரி 21, ஞாயிறு

ஐந்து நாளாக அவனிடமிருந்து எதுவும் இல்லை. மார்க் குறைந்துவிட்டதாம், தம்பி போனைப் பூட்டி வைத்துவிட்டான். பதினொரு வயதுப் பையனைத் திட்டிவிட்டுப் போகாமல் இப்படிச் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. போன் செய்து தம்பியிடம் சொன்னேன். அக்கா சொன்னால் கேட்பான். நாளையிலிருந்து அரை மணி நேரம் தருகிறேன் என்றான். ஆறில் ஐந்து போயிற்று. இனி ஒரே ஒரு நாள்தான் தவறலாம்.

வெளியே நல்ல மழை. பேச்சுக் கிடைத்ததில் பையன், போக்கிமான் கதையில் வரும் ஹோயென் நாட்டில் 119-ஆம் வழி என்று ஒன்று உண்டு, ஆளுயரப் புல்லும் மழையுமாக இருக்கும், ட்ரோபியஸ் அங்கேதான் வாழும் என்றான். வெப்பமான பக்கங்களில் பண்ணை போட்டு அதை வளர்ப்பவர்கள் நிறையப் பேராம். வருஷத்துக்கு இரண்டு முறை காய்க்குமாம். ஆயா போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"வெட்டுன பெறகு மரம் சாவாதா?"

"சாவாது பாட்டி. மறுபடியும் காய்க்கும்."

"பனி தாங்குமா?"

"ஐயோ, ஐஸ் அடின்னா நாலு மடங்கு வலிக்கும் பாட்டி. புல், பறவை ரெண்டும் சேர்ந்த இனம்லா."

ஆயாவுக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. "வாழைக்கும் பனி ஆவாது" என்று எனக்குச் சொன்னார்.

பிறகு கேட்டோ மேனர் கதை வந்தது, ஆயா முன்பு இருந்த இடம். முன்பே கேட்டதுதான், ஆனால் இன்று வேறு மாதிரி சொன்னார். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் இங்கே வந்ததிலிருந்து, கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்தவர்கள் துண்டு நிலம் பிடித்துக் காய்கறி போட்டுப் பிழைத்தார்கள். ஆயாவின் அப்பாவும் அப்படி ஒருவர். சரிவு முழுக்க வாழை, கீழே ஓடைப் பக்கம் மதும்பே, நம் ஊர்ச் சேப்பங்கிழங்கு. 1950-இல் இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரிக்கும் குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது. பிறகு அந்த இடம் வெள்ளைக்காரர்களுக்கு என்றாகிவிட்டது. 1964-இல் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தபோது ஆயாவுக்குப் பதினெட்டு வயது. லாரியில் கட்டில், பாத்திரம், அம்மி. அவர் அப்பா கடைசியாக ஏற்றியது ஈரச் சாக்கில் சுற்றிய மூன்று வாழைக்கன்று.

"ரெண்டு பட்டுப்போச்சு. ஒண்ணு நின்னுச்சு."

பின்கட்டில் இன்று நிற்கிற பதினோரு மரமும் அந்த ஒன்றிலிருந்து வந்தவை. இந்த வீட்டுக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. எத்தனையோ இலை அறுத்திருக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

2024 ஜனவரி 26, வெள்ளி

நேற்று தைப்பூசம். வீட்டுக்காரர் காவடி எடுத்தார், நான் பால்குடம். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்தது, கோயிலில் இருந்து வந்து படுத்ததுதான் தெரியும். கிஃப்ட் நினைவே இல்லை. மிச்சம் இருந்த ஒரு நாளும் போயிற்று. இனி தினமும் தவறாமல் அனுப்பினால்தான் கல்யாணத்தன்று முப்பது வரும்.

2024 பிப்ரவரி 9, வெள்ளி

கிங் ஷாகா விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டி வந்தோம். துபாய் வழியாக வந்த களைப்பில் தம்பி மனைவி காரிலேயே தூங்கிவிட்டாள். பையன் தூங்கவில்லை. வழிநெடுகக் கரும்பையும் போனையும் மாறி மாறிப் பார்த்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் ஆயா காலில் விழுந்தான். "வாங்க சின்ன மருமகப்பிள்ளை" என்றார் ஆயா. இருபத்தெட்டு நாள் ஆகிவிட்டது.

2024 பிப்ரவரி 10, சனி

மாலையில் வாசலுக்கு வாழை கட்டினோம். ஆயா முந்தாநாளே மரம் பார்த்து வைத்திருந்தார். குலை முற்றியிருக்க வேண்டும், பழுத்திருக்கக் கூடாது. பூவும் நுனியில் இருக்க வேண்டும். அப்படி இரண்டு. அடியில் வெட்டியதும் நீர் சொட்டச் சொட்டத் தம்பியும் இவரும் தோளில் தூக்கி வந்தார்கள். தம்பியின் வெள்ளைச் சட்டையில் வாழைக்கறை. அது இனிப் போகாது. கேட் தூணோடு சேர்த்து மூன்று இடத்தில் கட்டு. குலை வாசலைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்று ஆயா நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டச் சொன்னார்.

கட்டி முடிக்கும்போது லோட்ஷெடிங். தெரு முழுக்க இருட்டு. பையன் போன் வெளிச்சத்தில் குலையை அண்ணாந்து பார்த்து, பூவைத் தொட்டான்.

"பாட்டி, இந்தப் பூ ட்ரோபியஸுக்குக் கிடையாதுல்லா?"

"அதத்தான் நானும் கேட்டேன்" என்றார் ஆயா.

2024 பிப்ரவரி 11, ஞாயிறு

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. தாலி கட்டும்போது தம்பி கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது. மற்றதை நாளை எழுதுகிறேன்.

கைமாற்று மட்டும் இப்போதே. காலையில் முகூர்த்தப் பரபரப்பில், கூறைப்புடவை மடிப்புக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன். பையன் வந்து சத்தமில்லாமல் என் கையில் போனைத் திணித்தான். கிஃப்டைத் திறந்தேன். முப்பதாவது நாள். அல்ட்ரா பிரண்ட் என்று வந்தது. மகள்தான், மாலையும் கழுத்துமாக, "அம்மா, சாயங்காலம் மறந்துடாத" என்றாள்.

சாயங்காலம் பந்தி ஓய்ந்ததும் வாசலுக்குப் போனோம், இவன் பிடிவாதம், வாழைக்குக் கீழேதான் நடக்க வேண்டுமாம். அவன் பங்குக்குக் கோர்சோலா கொண்டு வந்திருந்தான். அவன் ஊர்க் கடற்கரையில் கிடைக்கும் பவளப் போக்கிமான். எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. ஆளுக்கு 1,600. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அழுத்தினோம். திரையில் ஒன்று மேலே போக, மற்றொன்று கீழே வந்தது. கை மாறும்போது அதன் பலம் கூடலாம், குறையலாம். குறைந்துதான் வந்தது. அவன் அதைக் கவனிக்கவேயில்லை. கேமராவைப் போட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி, இரண்டு குலையும் ஒரே படத்தில் வரும்படி எடுத்தான். பூ உள்ள குலை ஒன்று, பூ இல்லாத குலை ஒன்று.

2024 பிப்ரவரி 18, ஞாயிறு

நாளை கிளம்புகிறார்கள். ஆயா காலையிலேயே கடப்பாரையோடு பின்கட்டில். இடுப்புயரக் கன்று ஒன்றைத் தோண்டி, வேர் மண் உதிராமல் ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். பையனுக்கு. செடி கொடியெல்லாம் விமானத்தில் அப்படிக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. ஆயா ஒன்றும் பேசவில்லை. சாக்கைப் பிரித்து, தோண்டிய குழியிலேயே கன்றை வைத்து மிதித்தார். பையன் குடத்தில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினான்.

2024 பிப்ரவரி 25, ஞாயிறு

தூத்துக்குடியிலிருந்து படம் வந்தது. அம்மா வீட்டுக் கிணற்றடி. துவைகல், அதன் பக்கத்தில் ட்ரோபியஸ். இலை இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கிறது. பின்னால் எங்கள் அம்மா வைத்த நாட்டு வாழை, இன்னும் குலை தள்ளவில்லை.

ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைத் தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். முதலில் அம்மாவின் வாழையைத்தான் பார்த்தார். அடி இலை காய்ந்திருக்கிறது, அறுத்துவிடச் சொல் என்றார். பிறகு ட்ரோபியஸைப் பார்த்தார்.

"இன்னும் வெட்டலையா அந்தக் குலைய?" என்றார். "பழுத்து எத்தன நாளாச்சு. புள்ளைங்களக் கூப்ட்டுக் குடுக்கச் சொல்லும்மா."

அப்படியே எழுதி அனுப்பினேன்.