தோல் காய்கிற நேரம்

நவம்பர் 3

தோல்கள் வந்துவிட்டன. எல்லாம் பண்ணை முயல், குளிர்கால முடி. உரித்த சூடு ஆறியதும் உப்புப் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் பாக்டீரியா முடியின் வேர்க்காலைத்தான் முதலில் பிடிக்கும். கையுறை போட்டு, சதைப்பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, தூள் உப்பை ஓரம் வரைக்கும் தேய்த்தேன். கால் பக்கம், கழுத்து மடிப்பு, காது அடி, இந்த இடங்களில் உப்பு எட்டாவிட்டால் அங்கேதான் முடி முதலில் கழலும். அதனால் விரலால் விரித்து விரித்துப் போட்டேன்.

ஒரு தோலின் முதுகில், சதைப்பக்கத்தில், நீலமாக ஒரு திட்டு. முடி மாறிக்கொண்டிருந்தபோது எடுத்த தோல் அப்படித்தான் இருக்கும். புது முடி இன்னும் வேரிலேயே வளர்ந்துகொண்டிருக்கிறது, பழையது உதிரும். மற்றவை பளிச்சென்று வெள்ளை. நீலத் திட்டு உள்ளதை ஓரமாக வைத்துவிட்டேன். அக்காவுக்குத் தைக்கப்போகிற தொப்பிக்கு அது வேண்டாம். உதிர்கிற முடி எதுவும் தொப்பிக்கு வேண்டாம்.

நவம்பர் 4

உப்பு ஈரத்தை இழுத்துச் சேறாகிவிட்டது. உதறிப் புது உப்புப் போட்டேன். ஆஸ்பத்திரியில் அக்காவின் ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை 400, ரொம்பக் குறைவு.

நவம்பர் 5

அக்கா பேசினாள். குரல் கீழே போயிருக்கிறது. "என்னடி, அந்தத் தோலோடதான் இருக்கியா இன்னும்?" ஆமா என்றேன். "நாத்தம் அடிக்குமே." இல்லை, நாற்றம் அடிக்க விடக் கூடாது, அதுதான் வேலையே என்றேன். சிரித்தாள். பிறகு இருமல். மாமா போனை வாங்கிவிட்டார்.

நவம்பர் 7

இன்று முழுக்க ஜவ்வு.

உப்புப் போட்ட குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்ததில் தோல் மீண்டும் இளகியது. பாத்திரம் கழுவும் சோப்பு சில துளி விட்டு, ரத்தக் கறை, கொழுப்புப் பிசுக்கு எல்லாம் போகும்படி அலசினேன். பிறகு வழவழப்பான உருளைக் கட்டையின் மேல் போர்த்தி, மழுங்கிய கத்தியால் சுரண்டத் தொடங்கினேன். கூர் கத்தி கூடாது. வெட்டுவதற்கில்லை, தள்ளுவதற்கு.

சதை, கொழுப்பு எல்லாம் சீக்கிரம் வந்துவிடும். அதற்கடியில் மெல்லிய ஜவ்வு ஒன்று இருக்கிறது. படிகாரம் உள்ளே இறங்க அதுதான் தடை. ஓரத்தில் ஒரு முனை கிளம்பிவிட்டால் விரலாலேயே உரித்துக்கொண்டு போகலாம். முதுகில் அகலமாக வரும். வயிற்றுப் பக்கம் தோல் அவ்வளவு மெல்லிசு, ஜவ்வோடு அதுவும் கிழியப் பார்க்கும். அங்கே நகத்தைக்கூட வைக்கவில்லை, கட்டை விரலின் சதையால் உருட்டி உருட்டி எடுத்தேன்.

அளவுக்கு மேல் சுரண்டினால் சதைப்பக்கத்தில் மணல் தூவியது மாதிரி கறுப்புப் புள்ளிகள் தெரியும். முடியின் வேர் அது. அதைக் கத்தி தொட்டால் எதிர்ப்பக்கத்தில் முடி கொத்தாக வரும். ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு புள்ளியும் இல்லை. எதிர்ப்பக்கம் முடியைச் சுண்டியும் பார்த்தேன். கழுத்தில், தொடையில், வயிற்றில். பிடித்துக்கொண்டிருக்கிறது.

சாயங்காலம் போன் வரும் என்று இருந்தேன். வரவில்லை.

நவம்பர் 8

படிகாரக் கரைசல். 450 கிராம் படிகாரம், 4 லிட்டர் தண்ணீர். தனியாக 2 லிட்டரில் 115 கிராம் சலவை சோடா, 225 கிராம் உப்பு. சோடாத் தண்ணீரைப் படிகாரத்தில் நூல் மாதிரி மெதுவாக விட்டுக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நுரைத்துக்கொண்டு வரும், கரியமில வாயு. அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் வெள்ளையாகப் படிந்துபோய் அடியில் தங்கிவிடும், தோலுக்குள் போகாது. உப்பு இல்லாமலும் முடியாது. உப்பில்லாத புளிப்புத் தண்ணீர் பட்டால் தோல் உப்பிப் பெருத்துவிடும்.

மாவு சேர்த்துக் களிம்பாக்கிச் சதைப்பக்கம் மட்டும் பூசினேன், சுமார் 3 மில்லிமீட்டர் கனம். முக்கிப் போடுவதைவிட இது எனக்குப் பிடிக்கிறது. முடி நனையாது. மேலே ஒரு தாள் போட்டு மூடியாயிற்று.

நவம்பர் 9

பழைய பூச்சைச் சுரண்டிப் புதுப் பூச்சு. முடி பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் அக்காவின் தலையணை உறையை மாற்றினார்களாம்.

நவம்பர் 10

புகையா, படிகாரமா? படிகாரம் பூசிய பிறகும் ராத்திரி பூரா இதுதான்.

படிகாரம் போட்ட தோல் வெள்ளை வெளேரென்று இருக்கும், மெத்தென்று இருக்கும், வாசனை இருக்காது. ஆனால் தண்ணீரில் நன்றாக நனைந்தால் படிகாரம் கரைந்து வெளியேறிவிடும், காய்ந்தால் மறுபடி பச்சைத் தோல் மாதிரி விறைத்துப்போகும். அக்காவுக்கு ராத்திரியில் வேர்க்கிறது. தலையணை நனைகிற அளவுக்கு வேர்க்கிறது, உடனே குளிர்கிறது. அந்தக் குளிருக்குத்தான் தொப்பியே.

முட்டை மஞ்சள் கருவும் எண்ணெயும் தேய்த்து இளக்கி, சதைப்பக்கம் புகை காட்டினால் அந்தப் பயம் இல்லை. மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கவைத்துத் தோலின் நாருக்குள் கொண்டுபோகும். புகையில் உள்ள ஆல்டிஹைடுகள் நாரையும் நாரையும் கட்டிவிடும். நனைந்து காய்ந்தாலும் மெத்தென்றே இருக்கும், கொஞ்சம் கசக்கினால் போதும். மிகப் பழைய முறை, மிக நல்ல முறை. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அதுதான்.

ஆனால் புகை வாசனை மாதக்கணக்கில் போகாது. சோப்பு வாசனைக்கே அவள் வாந்தி எடுக்கிறாள்.

மரப்பட்டை, காய்த் துவர்ப்பும் யோசித்தேன். கருவேலம் பட்டை, கடுக்காய், எதுவானாலும் தண்ணீருக்கு நிற்கும். ஆனால் ஆகிற காலம் அதிகம், தோல் நிறம் மாறிக் கனத்துவிடும், முடியின் அடியிலும் கறை ஏறலாம். காலம் அதிகம் என்பதிலேயே நின்றுவிட்டேன்.

படிகாரம்தான். வேர்வை என்பது முக்கி எடுக்கிற தண்ணீர் இல்லை. தொப்பிக்குள்ளே மெல்லிய பருத்தித் துணியில் தனியாக ஒரு குல்லா தைத்துவிடலாம், அதைக் கழற்றித் துவைக்கலாம், தினம் மாற்றலாம். ரோமம் அதற்கு மேலே, உள்பக்கம் பார்த்து. சூட்டைப் பிடித்து வைப்பது முடிகளுக்கு நடுவே நிற்கிற காற்றுதான். உள்பக்கம் இருந்தால் அதை வெளிக்காற்று அடித்துக்கொண்டு போகாது.

சரி. முடிவாகிவிட்டது. தூங்க வேண்டும்.

நவம்பர் 11

300.

நவம்பர் 12

ஜுரம் வந்துவிட்டது என்றார் மாமா. நான் வரவா என்றேன். "நீ இரும்மா, உள்ளே ஒருத்தரைத்தான் விடறாங்க."

நர்ஸிடம் கேட்கச் சொன்னேன், ரோமத் தொப்பி போடலாமா என்று. இப்போது வேண்டாம், எண்ணிக்கை ஏறட்டும், அப்போது டாக்டர் பார்த்துச் சொல்வார் என்றார்களாம். சரியாகத்தான் சொல்கிறார்கள். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. ஏறும்போது தொப்பி தயாராக இருக்க வேண்டும்.

கடைசிப் பூச்சு போட்டாயிற்று. இதை மூன்று நாளாவது விட வேண்டும்.

நவம்பர் 15

ஓரத்தில் கொஞ்சம் மடித்துச் சதைப்பக்கம் வெளியே வரும்படி நெருக்கிப் பிடித்து விட்டேன். மடிப்பில் வெள்ளைக் கோடு நின்றது. கத்தியால் துளி வெட்டி வெட்டுவாயைப் பார்த்தேன், நடுவிலும் ஒரே வெள்ளை. படிகாரம் உள்ளே இறங்கிவிட்டது! கழுத்துதான் எப்போதும் கனம், அங்கேயும் பார்த்தேன். வெள்ளை.

பூச்சைச் சுரண்டி, 4 லிட்டருக்கு 30 கிராம் வெண்காரம் போட்ட தண்ணீரில் சில நிமிஷம் அலசிப் புளிப்பைப் போக்கி, நல்ல தண்ணீரில் ஒரு அலசு. முறுக்கிப் பிழியக் கூடாது, துணியில் சுருட்டி அமுக்கினேன். ஈரமாக இருக்கும்போதே சதைப்பக்கம் எண்ணெய் மெல்லிசாக. இனி காய வேண்டும். காய்வதுதான் எல்லாம்.

நவம்பர் 16

ராத்திரி பத்தரைக்கு ஓரங்கள் வெளுக்க ஆரம்பித்தன.

படிகாரம் தோலை அழுகாமல் காக்கும், எண்ணெய் நாரை வழுக்கவைக்கும். மெதுமையை எதுவும் தராது, கைதான் தர வேண்டும். ஈரத்தில் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டக் காத்திருக்கின்றன. காய்கிற அந்த நேரத்தில் அசைத்துக்கொண்டே இருந்தால் ஒட்டாது. விட்டுவிட்டால் பலகை. அந்த நேரம் எப்போது வரும் என்பதைத் தோல்தான் சொல்லும், நாம் சொல்ல முடியாது. பாதி ராத்திரி வந்தால் பாதி ராத்திரிதான்.

நாற்காலி முதுகின் விளிம்பில் போட்டு, சதைப்பக்கம் படும்படி, முன்னும் பின்னும் இழுத்தேன். நீளவாக்கில், குறுக்கே, மூலைவாட்டில். ஈரமான இடம் மங்கலாக, கொஞ்சம் கண்ணாடி மாதிரி இருக்கும். இழுக்க இழுக்க அது உடைந்து பால்வெள்ளையாக விரியும். கண்ணெதிரே நடக்கும். ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு திட்டு வெளுத்தால் அடுத்த திட்டு. வயிற்றுப் பக்கம் மட்டும் விளிம்பில் போடாமல் இரண்டு கையாலும் கசக்கினேன்.

ஒரு மணிக்குப் போன் அடித்தது. கையில் கழுத்துப் பகுதி, நடுவில் இன்னும் ஈரம். எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டு இழுத்துக்கொண்டே பேசினேன். ஜுரம் இறங்கியிருக்கிறது. மருந்தை மாற்றியிருக்கிறார்கள். வேறென்ன என்று கேட்டேன், வேறொன்றுமில்லை என்றார். வேறொன்றுமில்லை என்பதற்காகவா ராத்திரி ஒரு மணிக்குக் கூப்பிடுவார்? திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை. இழுத்தேன். மூன்று மணி வரைக்கும்.

நவம்பர் 17

கழுத்தில் உள்ளங்கை அளவு விறைப்பாக நிற்கிறது. ஈரத் துணியால் ஒற்றி, சுருட்டி வைத்திருக்கிறேன், ஈரம் பரவியதும் மறுபடி இழுக்கலாம். விறைத்த தோல் கெட்ட தோல் இல்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் இளக்கலாம்.

500. ஏறுகிறது!

நவம்பர் 18

கழுத்தும் விட்டுக்கொடுத்துவிட்டது. சதைப்பக்கம் முழுக்க மெல்லிய உப்புத்தாள் போட்டேன், பஞ்சு மாதிரி எழும்புகிறது. முகமூடி இல்லாமல் இதைச் செய்யக் கூடாது, தூள் அப்படிப் பறக்கிறது.

முடியைச் சுத்தம் செய்ய வழக்கமாக மரத்தூள்தான். பிசின் இல்லாத மரத்தின் தூளை லேசாகச் சூடாக்கி முடிக்குள் தேய்த்தால் எண்ணெயை வாங்கிக்கொள்ளும், உதறினால் முடி பளபளவென்று எழும்பும். எனக்காக என்றால் அதைத்தான் செய்வேன். ஆனால் மரத்தூளில் பூஞ்சை வித்து இருக்கும். இப்போதுள்ள நிலையில் அவள் பக்கத்தில் அது போகவே கூடாது. சீப்பால் வாரி, ஈரத் துணியால் முடியின் மேல்பக்கம் மட்டும் துடைத்து, வாக்குவம் போட்டு, மறுபடி வாரினேன். சீப்பில் வந்த முடியை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். உடைந்த முடி மட்டும்தான், வேரோடு ஒன்றும் இல்லை.

நவம்பர் 19

வெட்டினேன். சதைப்பக்கம் கோடு போட்டு, தோலைக் காற்றில் தூக்கிப் பிடித்துச் சின்னப் பிளேடால் தோல் மட்டும் அறுபடும்படி. கத்தரிக்கோல் பட்டால் முடியும் அறுந்து, தையல் ஓரம் மொட்டையாகத் தெரியும். முடி எல்லாத் துண்டிலும் உச்சியிலிருந்து கீழ்நோக்கி.

ஆல்ப்ஸ் மலையில் 1991இல் பனியில் உறைந்த உடலாகக் கிடைத்தானே ஊட்ஸி, 5,000 வருஷத்துக்கும் முந்தியவன், அவன் தொப்பி கரடி ரோமம். துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்துத் தைத்தது, தாடையில் கட்டத் தோல் வார்கூட உண்டு. யாரோ அவனுக்காக, அல்லது அவனே, ராத்திரியில் உட்கார்ந்து அந்தத் தோலை இழுத்து இளக்கியிருக்க வேண்டும். வேறு வழியே கிடையாது. நானும் தாடையில் கட்ட வார் வைக்கிறேன். அக்கா தூக்கத்தில் புரளுவாள்.

நவம்பர் 20

மூன்று பட்டை ஊசி, மெழுகு தேய்த்த நூல். இரண்டு ஓரத்தையும் முடிப்பக்கம் உள்ளே சேர்த்து, முடியை ஊசியால் உள்ளே தள்ளித் தள்ளி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றிச் சின்னத் தையல். ரொம்ப நெருக்கிப் போட்டால் தையலே தோலைக் கிழித்துவிடும். தைத்ததும் விரித்து நகத்தால் தட்டையாக்கி, மாட்டிக்கொண்ட முடியை ஊசி முனையால் நெம்பி எடுத்தால், முடிப்பக்கம் தையலே தெரியவில்லை. விரலை விட்டுத் தேடினாலும் தெரியவில்லை.

மாமாவுக்குப் படம் அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை.

நவம்பர் 21

900. வேறு அறைக்கு மாற்றுகிறார்களாம். எதற்கு என்று மாமாவுக்கும் தெரியவில்லை, டாக்டர் பதினொரு மணிக்கு வந்து பேசுவாராம். வலது காது மடல் தைத்தாயிற்று. இடது மடலுக்கு வைத்திருந்த துண்டு கொஞ்சம் மெல்லிசாகத் தெரிகிறது, வேறு துண்டு பார்க்க வேண்டும், அப்புறம் பருத்திக் குல்லா இன்னும் இரண்டு