வேட்டைத் துப்பாக்கிப் பராமரிப்பு: ஒரு நாட்குறிப்பு

நவம்பர் 12, ஞாயிறு

நேற்று மாலை முழுவதும் மழை. ரைஃபிளும் நனைந்தது, அதன் உறையும் நனைந்தது. குளிரிலிருந்து கொண்டுவந்த துப்பாக்கியை உறையை விட்டு உடனே எடுக்கக் கூடாது என்பது பொதுவான விதி. எடுத்தால், அறையின் வெதுவெதுப்பான காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த இரும்பின் மேல் பனித்துளியாகப் படிந்துவிடும். ஆனால் இந்த விதி உலர்ந்த துப்பாக்கிக்குத்தான் பொருந்தும். நனைந்த உறைக்குள் நனைந்த துப்பாக்கியை விட்டுவைப்பது துருவை வரவேற்பதாகும் என்பதால், வீட்டுக்குள் வந்தவுடன் அதை வெளியே எடுத்துத் துடைத்து, போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை அடைக்கும் உலோக உருளையை, கழற்றித் தனியே வைத்தேன்.

மேசையில் வைக்கும் முன் தோட்டா அறையைக் கண்ணால் பார்த்தேன், விரலாலும் தடவிப் பார்த்தேன்; தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கிறது. சுத்தம் செய்யும் மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சமரசம் இல்லை.

நவம்பர் 13, திங்கள்

இன்று குழலின் உட்புறம். துப்பாக்கியைச் சுடுவதால் கெடுப்பவர்களைவிடத் தேய்த்துக் கெடுப்பவர்களே அதிகம் என்பது என் எண்ணம். குறிப்பாக, குழல் வாயின் விளிம்பு மிக நுட்பமானது. குண்டு குழலை விட்டு நீங்கும் கணத்தில் பின்னாலிருந்து பீறிடும் வாயு எல்லாப் பக்கமும் ஒரே சீராக வெளியேறினால்தான் குண்டு நேராகச் செல்லும். அந்த விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்துவிட்டால், எவ்வளவு உயர்ந்த தொலைநோக்கி பொருத்தியிருந்தாலும் குறி சிதறும். இந்தத் தேய்மானத்துக்குக் காரணம் பெரும்பாலும் வாய்ப்பக்கமாக நுழைத்து உராயவிட்ட துப்புரவுக் கம்பிதான்.

ஆகவே போல்ட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கம்பிக்கு வழிகாட்டும் குழாயைப் பொருத்தி, பின்பக்கத்திலிருந்து வாயை நோக்கியே துணியைத் தள்ளுகிறேன். அழுக்குத் துணி வாயில் விழுந்ததும் கம்பியை வெறுமனே இழுத்துக்கொள்கிறேன். அழுக்கை மறுபடி உள்ளே இழுத்துவருவதில் பொருளில்லை. கம்பி ஒரே துண்டாக, மேற்பூச்சு உடையதாக இருப்பது நல்லது. திருகிச் சேர்க்கும் துண்டுக் கம்பிகளின் மூட்டுகளில் மணல்துகள் ஒட்டிக்கொண்டு குழலை அராவும். பின்பக்கம் திறக்க முடியாத அமைப்புள்ள துப்பாக்கிகளுக்குத் தோட்டா அறை வழியே நுழைத்து இழுக்கும் கயிற்று வகையே பாதுகாப்பானது.

கரைப்பானில் நனைத்த துணி முதலில் கரியாக வரும். பிறகு வெண்கலத் தூரிகையை முழு நீளமும் ஓட்டி, முழுவதும் வெளியே வந்தபின்பே திருப்ப வேண்டும். குழலின் நடுவில் திசை மாற்றினால் இழைகள் மடங்கிவிடும். தேய்த்ததும் சிறிது நேரம் ஊறவிட்டுத் துடைப்பதே பலன் தருகிறது. அவசரக்காரர்கள் கரைப்பான் செய்ய வேண்டிய வேலையைத் தங்கள் தோள் வலிமையால் செய்யப் பார்க்கிறார்கள்.

நவம்பர் 14, செவ்வாய்

கரி போனபின் எஞ்சுவது செம்பு. குண்டின் மேலுறையிலிருந்து தேய்ந்து, குண்டைச் சுழலவைக்கக் குழலின் உள்ளே வெட்டிய சுழல்வரிகளில் ஒட்டிய படலம் அது. கரிக்கான கரைப்பான் அதைத் தொடாது. அம்மோனியா கலந்த கரைப்பான்தான் அதை எடுக்கும். துணியில் நீலம் தெரிந்தால் செம்பு கரைந்து வருகிறது என்று பொருள். இங்கே ஓர் ஏமாற்றம் உண்டு. கம்பி நுனி பித்தளையாக இருந்தால் அதிலுள்ள செம்பே கரைந்து நீலம் காட்டும். குழல் சுத்தமான பிறகும் மனிதர் தேய்த்துக்கொண்டே இருப்பார். ஆகவே இந்த வேலைக்கு நைலான் தூரிகையையும் பித்தளை அல்லாத நுனியையும் வைத்திருக்கிறேன். கரைப்பானைப் புட்டியில் குறித்துள்ள நேரத்துக்கு மேல் குழலில் விடுவதில்லை; நிக்கல் பூசிய பாகங்களின் பக்கமும் கொண்டுபோவதில்லை.

சன்னல்களைத் திறந்துவைத்தேன், கையுறை அணிந்தேன். அம்மோனியா நெடி ஒருபுறம் இருக்க, எடுக்கும் கரியில் ஈயமும் உண்டு. வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவாமல் எதையும் வாயருகே கொண்டுபோகக் கூடாது. துணிகளும் உணவு மேசையில் கிடக்கக் கூடாது.

நவம்பர் 15, புதன்

விசைப் பகுதியைக் கழற்றவில்லை. அங்கே தேய்ப்பதும் அராவுவதும் வீட்டு வேலையல்ல. துப்பாக்கி பழுதுபார்க்கும் வல்லுநரிடம் விட வேண்டியது. கெட்டியான எண்ணெயும் அங்கே விடக் கூடாது: தூசியோடு சேர்ந்து பிசினாகி, கடுங்குளிரில் விசையையே இறுக்கிவிடும்.

நவம்பர் 17, வெள்ளி

ஷாட்கன்னின், அதாவது சிறு குண்டுமணிகளைச் சிதறவிடும் துப்பாக்கியின், முறை. இதில் செம்புத் தொல்லை இல்லை. பதிலாக, தோட்டாவிலுள்ள பிளாஸ்டிக் அடைப்பிலிருந்து சூடான குழலில் உருகிப் படிந்த கோடுகளும் சிறிது ஈயமும் இருக்கும். முன்நுனியில் திருகும் சோக் குழாயை (குண்டுமணிகள் பரவும் அகலத்தைக் கட்டுப்படுத்தும் குறுகிய குழாய்) கழற்றி, மரைகளைத் துடைத்து, மெல்லியதாகக் கிரீஸ் தடவித் திரும்பப் பூட்டினேன். பல பருவங்கள் கழற்றாமல் விட்டால் அது மரையிலேயே இறுகிவிடும். சோக் இல்லாமல் சுடுவதும் தவறு, மரைகள் சிதையும். மடங்கித் திறக்கும் கீல் ஊசியிலும் உராயும் முகங்களிலும் எண்ணெயைவிடக் கிரீஸே நிலைத்து நிற்கிறது.

நவம்பர் 18, சனி

தோளில் அணைக்கும் மரக்கட்டையில் பழைய எண்ணெய்க் கறை உண்டா என்று பார்த்தேன். மூலையில் நிமிர்த்திச் சாத்திவைத்த துப்பாக்கிகளில் குழலின் எண்ணெய் மெல்ல வழிந்து, கட்டையின் கழுத்துப் பகுதியில் ஊறி, மரத்தைக் கறுத்து மென்மையாக்கிவிடும். பின்னர் அதிர்வு தாங்காமல் அங்கேயே விரிசல் விடும். எண்ணெய் என்பது விரலில் தெரியாத படலமாக இருந்தால் போதும். உலோகத்தின் கருநீலப் பூச்சுகூட இரும்பு ஆக்சைடுதான், துருவின் அடக்கமான உறவினர். தானாக அது துருவைத் தடுத்துவிடாது. வியர்வைக் கைரேகை பட்ட இடமே முதலில் சிவக்கும்.

கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்தேன். துடைத்த துணியைச் சுருட்டி எறியக் கூடாது: ஆளிவிதை எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து உலரும்போது வெப்பம் வெளியாகிறது, கசங்கிய குவியலுக்குள் அந்த வெப்பம் சிக்கி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயவிட்டிருக்கிறேன்.

நவம்பர் 20, திங்கள்

நண்பர் ஒருவர், பழைய படைத்துறைத் தோட்டாக்களைச் சுட்ட ரைஃபிளைக் கொண்டுவந்தார். எண்ணெய் தாராளமாகப் போட்டும் உள்ளே துரு. அத்தோட்டாக்களின் தீமூட்டியில் (அடிப்பகுதியில் அடிபட்டதும் பொறி எழுப்பும் சிறு மூடி) பொட்டாசியம் குளோரேட் இருந்தால், சுட்டபின் குழலில் எஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்கு நெருங்கிய உறவு, அதுபோலவே ஈரத்தை இழுக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டு அலசி, நன்றாக உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் இட வேண்டும். கருமருந்து எனும் பழைய புகைமிக்க வெடிமருந்தைச் சுடும் துப்பாக்கிக்கும் வெந்நீரே வைத்தியம்: கருமருந்தின் எடையில் பாதிக்கு மேல் திண்மக் கழிவாகவே எஞ்சுகிறது. 1884-இல் பிரான்சின் பால் வியேல் புகையற்ற வெடிமருந்தை உருவாக்கிய பிறகுதான் இந்தக் கழுவும் வேலை குறையத் தொடங்கியது. இரும்பில் தண்ணீர் ஊற்றுவதா என்று நண்பர் திகைத்தார். நான் கெட்டிலை அடுப்பில் வைத்தேன்.

டிசம்பர் 2, சனி

பூட்டிய அலமாரியைத் திறந்து பார்த்தேன். தோட்டாக்கள் தனியே, வேறு பூட்டில். துப்பாக்கிகளை உறையில் வைப்பதில்லை. தோலும் பஞ்சும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகள் நிறம் மாறியிருந்ததால் அடுப்பில் உலர்த்தினேன்.

அடுத்த முறை வெளியே எடுக்கும்போது, குழலிலும் தோட்டா அறையிலும் உள்ள எண்ணெயை உலர்ந்த துணியால் முழுவதும் எடுத்து, போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் குழலினூடே பார்க்க வேண்டும். மறந்துபோன ஒரு துணித்துண்டு உள்ளே இருந்தாலும் குழல் வெடிக்கலாம். சுத்தமான குழலின் முதல் குண்டு பிந்தியவற்றிலிருந்து சற்று விலகி விழுவதுண்டு. ஆகவே பருவம் தொடங்குமுன் இலக்குத் தளத்தில் சில தோட்டாக்களைச் சுட்டுக் குறியைச் சரிபார்த்தபின், நனையாதவரை, பருவம் முடியும் மட்டும் குழலுக்குள் கம்பி நுழைப்பதாக இல்லை.